புமலினை அடித்துவிடாதீர்கள்: படகோனியா போகும் தமிழ்ப் பயணக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பயணக் குழு நண்பர்களுக்கு,

வணக்கம். வருகிற ஜனவரியில் சிலி நாட்டுக்குப் போக நீங்கள் போட்டிருக்கும் திட்டம் என் கைக்கு வந்தது. சாந்தியாகோ, டோரஸ் டெல் பைனே, புவெர்த்தோ வராஸ், சிலோயே தீவு எல்லாம் இருக்கின்றன. முதல் பட்டியலில் இருந்த புமலின், அதாவது தென் சிலியின் மழைக்காட்டுத் தேசியப் பூங்கா, மட்டும் அடிக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் யாரோ இரண்டு காரணங்கள் எழுதியிருந்தார்கள்: “எப்போதும் மழை”, “அமெரிக்கப் பணக்காரர் எஸ்டேட்”. அதற்குப் பதிலாக ஏரிக்கரை ஹோட்டலில் இரண்டு இரவு கூடுதல். இதை உங்களுக்கு மட்டும் எழுதியிருக்கலாம். ஆனால் தென் அமெரிக்காவின் தென்கோடியான படகோனியாவுக்குப் போகிற நம் ஆட்களின் திட்டங்கள் பெரும்பாலும் இந்த மாதிரியே இருப்பதால் எல்லோரும் படிக்கட்டும் என்று பொதுவில் எழுதுகிறேன்.

மழையிலிருந்து தொடங்குகிறேன். அந்தக் குறிப்பை எழுதியவர் சொன்னது உண்மைதான். பசிபிக் கடலிலிருந்து வரும் மேற்குக் காற்று ஈரத்தைச் சுமந்துகொண்டு வந்து ஆண்டீஸ் மலைச்சுவரில் முட்டுகிறது. இந்தப் பூங்காவின் சில பகுதிகளில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. கோடையான ஜனவரியிலும் நாலு நாள் தொடர்ந்து வெயில் அடித்தால் அது அதிர்ஷ்டம். ஆனால் நீங்கள் பார்க்கப் போவதே மழைக்காடு. மழையைக் கழித்துவிட்டால் அங்கே பார்க்க என்ன மிச்சம்?

நமக்கு மழைக்காடு என்றால் வெப்பமண்டலக் காடுதான் மனதில் வரும்: புழுக்கம், பூச்சி, ஓயாத இரைச்சல். இது குளிர்ந்த நாட்டு மழைக்காடு. வால்டிவியன் மழைக்காடு என்பார்கள். உலகில் இந்த வகைக் காடுகள் சில மூலைகளில்தான் இருக்கின்றன: வட அமெரிக்காவின் மேற்குக் கரையில், நியூசிலாந்தில், டாஸ்மேனியாவில், தென் சிலியில், இன்னும் ஒன்றிரண்டு இடங்களில். குளிர் காரணமாக இங்கே எதுவும் அவசரமாக மக்குவதில்லை. விழுந்த மரம் பல தலைமுறைக் காலம் அப்படியே கிடக்கும். அதன் முதுகில் பாசி ஏறி, பாசியின் மேல் விதை விழுந்து, கன்றுகள் வரிசையாக முளைத்து நிற்கும். நிற்கிற மரத்திலும் வெறும் பட்டையைப் பார்ப்பது கஷ்டம். பாசி, கற்பாசி, கண்ணாடித் தாள் போல மெல்லிய பெரணி என்று ஒன்றின் மேல் ஒன்றாக அப்பியிருக்கும். தூறல் விழும்போதுதான் இவையெல்லாம் முழு நிறத்துக்கு வருகின்றன. நல்ல வெயிலில் அதே பாதையில் நடந்தும் பார்த்திருக்கிறேன். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் பாதி சோபை போய்விட்டது.

இங்கே மரங்களின் பெயர்களைத் தெரிந்துகொண்டு போனால் நடை இரண்டு மடங்கு சுவைக்கும். கொய்குவே, தேபா, கனேலோ, அர்ராயான், கோடைக் கடைசியில் வெள்ளையாகப் பூத்துத் தேனுக்குப் பேர்போன உல்மோ. கனேலோ, சிலியின் பூர்வகுடிகளான மப்புச்சே மக்களுக்குப் புனித மரம். பாதையோரங்களில் நல்கா என்ற செடி நிற்கும். அதன் ஒரு இலையைக் குடையாகப் பிடிக்கலாம், அவ்வளவு அகலம். தண்டின் தோலை உரித்து உப்பு தொட்டுத் தின்பது சிலிக்காரர்களின் வழக்கம், சந்தையில் கிடைத்தால் வாங்கிப் பாருங்கள். பூங்காவுக்குள் ஒடிக்க வேண்டாம். சிவப்பும் ஊதாவுமாகத் தொங்கும் சில்கோ பூக்களைத் தேடித் தேன்சிட்டுபோல ஒரு குட்டி ரீங்காரச்சிட்டு வரும். ‘புடு’ என்ற, நம் முழங்கால் உயரமே வரும் ஒரு குள்ள மான், கண்ணில் பட்டால் பாக்கியம். படாவிட்டால் வருத்தப்பட வேண்டாம், அநேகம் பேருக்குப் படுவதில்லை.

நிச்சயம் காதில் விழப்போவது சுகாவோ. கைக்குள் அடங்குகிற பறவை, செம்பழுப்பு நெஞ்சு, கூவினால் காடே எழுந்து உட்காரும். புதருக்குள்ளேயே இருந்துகொண்டு நம் பக்கத்திலேயே வரும், ஆளைக் காட்டாது. அது வலப்பக்கம் கூவினால் பயணம் நல்லபடி நடக்கும், இடப்பக்கம் கூவினால் கெடுதல் என்று அந்த ஊர் மக்கள் சொல்வார்கள். பல்லி சொல்லுக்குப் பலன் பார்த்து வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் மாறி மாறிக் கூவினால் என்ன பலன் என்று ஒரு வனக்காவலரிடம் கேட்டேன். “மழைக்கோட்டை மாட்டிக்கொள், மழை வரும்” என்றார்.

அப்புறம் அலெர்சே மரம். இதற்காகவே போகலாம். ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் பருக்கும் ஊசியிலை மரம் இது. 1993-ல் வெளியான ஆய்வொன்றில் தென் சிலியில் ஒரு அலெர்சேயின் வளையங்களை எண்ணியபோது 3,622 வந்தது. தண்ணீரில் கிடந்தாலும் எளிதில் உளுக்காது, நேர்கோடாகப் பிளக்கும். அதுவே அதற்கு வினையாகவும் ஆயிற்று. சிலோயே தீவில் நீங்கள் பார்க்கப் போகும் பழைய வீடுகளின் கூரையும் சுவரும் இந்த மரத்தின் ஓடுகளால் வேய்ந்தவை. காலனி ஆட்சிக் காலத்தில் காசுக்குத் தட்டுப்பாடாக இருந்த அந்தத் தீவில் அலெர்சே பலகையே காசாகப் புழங்கியிருக்கிறது. நூற்றாண்டுக் கணக்கில் வெட்டித் தள்ளிய பிறகு, 1976-ல்தான் இதை இயற்கைச் சின்னம் என்று அறிவித்து, உயிருள்ள மரத்தை வெட்டத் தடை போட்டார்கள். கடற்கரையை ஒட்டி எட்டுகிற இடத்தில் இருந்தவை பெரும்பாலும் போய்விட்டன. புமலினில் சாலையிலிருந்து இறங்கி, ஒரு மணி நேரத்துக்குள் சுற்றி வரக்கூடிய பாதையிலேயே பெரிய அலெர்சேகள் நிற்கின்றன. உங்கள் குழுவில் அறுபதைத் தாண்டியவர்கள் இருக்கிறார்கள் என்று தெரியும். அவர்களும் நடக்கலாம், ஈரமான மரப்பலகையில் வழுக்காத காலணி இருந்தால் போதும்.

கால் வலுவுள்ளவர்கள் சாய்த்தென் எரிமலைப் பாதையை விடாதீர்கள். 2008 மே 2-ம் தேதி வரை அது எரிமலை என்பதையே அந்த வட்டாரத்தில் பலர் நினைத்துப் பார்த்ததில்லை. அன்று வெடித்தது. பக்கத்திலிருந்த சாய்த்தென் ஊரை அப்படியே காலி செய்தார்கள். பிறகு மழையோடு சாம்பல் சேறாக இறங்க, ஆறு தடம் மாறி ஊருக்கு நடுவே புகுந்தது. ஊரையே வேறிடத்துக்கு மாற்றுவதாக அரசு சொன்னது, மக்கள் கேட்கவில்லை, திரும்பி வந்து சாம்பலைத் தோண்டி வீடுகளை மீட்டார்கள். இன்று நீங்கள் பெட்ரோல் போடப் போவதும் ரொட்டி வாங்கப் போவதும் அதே ஊரில்தான். வெடிப்புக்குப் பின் பூங்காவும் சில காலம் மூடிக் கிடந்தது. எரிமலைப் பாதை செங்குத்தான படிகளாக ஏறும். வழி நெடுக, வெந்து வெளுத்து நிற்கும் மரங்களுக்கு அடியில் நல்காவும் புதுக் கன்றுகளும் மண்டிக் கிடக்கும். மேலே போனால் எரிவாயின் நடுவே புதிதாக எழுந்த பாறைக் குவிமாடம் தெரியும். அதில் ஆவி கசிந்துகொண்டிருக்கும். காடு எப்படித் திரும்பி வருகிறது என்பதை ஒரே ஏற்றத்தில் பார்க்க இப்படியொரு இடம் எனக்குத் தெரிந்து வேறில்லை. மேகம் மூடியிருந்தால் ஏற வேண்டாம். மூச்சு வாங்கி மேலே போய் வெள்ளைத் திரையைப் பார்த்துவிட்டு இறங்க வேண்டியிருக்கும். இதனால்தான் ஒரு நாள் கூடுதலாகத் தங்கச் சொல்கிறேன்.

சரி, இரண்டாவது குறிப்புக்கு வருகிறேன்: பணக்காரர் எஸ்டேட். இதை எழுதியவரிடம் எனக்குக் கோபமில்லை. சிலிக்காரர்களே பல ஆண்டுகள் இதைவிடக் காட்டமாகப் பேசியிருக்கிறார்கள்.

டக்ளஸ் டாம்ப்கின்ஸ் அமெரிக்கர். மலையேறுவோருக்கான பொருள்கள் விற்கும் தி நார்த் ஃபேஸ் கடையைத் தொடங்கியவர். எஸ்பிரிட் என்ற துணி நிறுவனத்தை மனைவியோடு சேர்ந்து கட்டி, பிறகு தன் பங்கை விற்றுவிட்டு வெளியேறியவர். மலையேறி, படகோட்டி. 1991-ல் ரெஞ்ஞிஉவே கடற்கழியோரம் (கடற்கழி என்றால் மலைகளுக்கு நடுவே நீண்டு நுழையும் கடல்) ஒரு பாழடைந்த பண்ணையை வாங்கிக் குடியேறினார். பிறகு பக்கத்து நிலங்களை வாங்கினார், அப்புறம் அதற்குப் பக்கத்து நிலங்களை. பெரும்பகுதி அந்த இடத்தில் வசிக்காத உரிமையாளர்களிடமிருந்து வாங்கியது. கடலிலிருந்து அர்ஜென்டினா எல்லை வரை ஒரு வெளிநாட்டுக்காரர் கையில் நிலம் சேர்ந்துகொண்டே போனால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? நாட்டை இரண்டாக வெட்டப் போகிறார் என்றார்கள், அணுக்கழிவு கொட்டப் போகிறார் என்றார்கள், யூதர்களுக்குத் தனி நாடு அமைக்கப் போகிறார் என்றுகூடக் கிளப்பிவிட்டார்கள். அவர் யூதரே இல்லை. அவருடைய நிலத்தின் இரண்டு பகுதிகளுக்கு நடுவே ஊய்னாய் என்ற 34,000 ஹெக்டேர் நிலம் இருந்தது. ஒரு கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமானது. அதை அவர் வாங்கிவிடாதபடி அரசியல் அழுத்தம் வந்து, கடைசியில் 1998-ல் எண்டெசா மின் நிறுவனத்துக்குக் கைமாறியது. சிலியில் அப்போது அவர் மேல் இருந்த பயம் எந்த அளவு என்று தெரிய இந்த ஒன்று போதும்.

வதந்திகளைத் தள்ளிவிட்டாலும் நியாயமான கேள்வி ஒன்று மிச்சம் இருக்கிறது. தலைமுறைகளாகக் காட்டை எரித்து, மாடு மேய்த்து, மரம் அறுத்துப் பிழைத்த குடியானவர்களின் வாழ்க்கை, காசுள்ள ஒருவர் காட்டைக் காப்பாற்ற முடிவு செய்ததும் மாறித்தான் போகிறது. அதில் சிலருக்குப் பூங்காவில் வேலை கிடைத்தது, சிலர் நகர்ந்து போனார்கள். இதை மறைத்து அவரைப் பற்றி அவதாரப் புருஷர் கணக்காக எழுதும் சுற்றுலாக் கட்டுரைகள் எனக்குப் பிடிப்பதில்லை. பூங்காவுக்கு அவர் பெயரையே சூட்டியதிலும் எனக்கு முழு உடன்பாடில்லை. பழைய பெயரே போதுமாக இருந்தது.

ஆனாலும் நடந்ததைப் பாருங்கள். தனியார் நிலமாக இருந்த நாளிலேயே பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார், நுழைவுக் கட்டணம் வாங்கவில்லை. 2005-ல் ரிகார்டோ லாகோஸ் அதிபராக இருந்தபோது அது இயற்கைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2015 டிசம்பரில் ஹெனரல் கர்ரேரா ஏரியில் காயக் என்ற சிறு துடுப்புப் படகு கவிழ்ந்து, குளிரில் உடல் விறைத்து டாம்ப்கின்ஸ் இறந்துபோனார். படகோனியா ஆடை நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த அவருடைய இரண்டாவது மனைவி கிரிஸ்டின், கணவர் விட்ட வேலையைக் கையில் எடுத்து அரசுடன் பேசி முடித்தார். 2018 ஜனவரி 29-ல் அதிபர் மிச்சேல் பாச்செலெட்டும் கிரிஸ்டினும் தேசியப் பூங்கா ஆணைகளில் கையெழுத்திட்டார்கள். டாம்ப்கின்ஸ் தம்பதியின் அறக்கட்டளை கொடுத்தது 4 லட்சம் ஹெக்டேருக்கு மேல். அரசு தன் பங்குக்கு இன்னும் பெரிய அளவில் நிலத்தைச் சேர்த்தது. ஐந்து புதிய தேசியப் பூங்காக்கள் உருவாயின, மூன்று பழைய பூங்காக்கள் விரிந்தன. புமலின் மட்டும் இப்போது சுமார் 4 லட்சம் ஹெக்டேர். 2019-ல் நிர்வாகமும் கோனாஃப் என்ற அரசு வனக் கழகத்தின் கைக்குப் போனது. ஆக, நீங்கள் ‘எஸ்டேட்’ என்று அடித்த இடம் இன்று சிலி நாட்டு மக்களின் தேசியப் பூங்கா. வாங்கியவர் வாரிசுக்கு எழுதி வைக்கவில்லை, ரிசார்ட் கட்டி இரவுக்கு இவ்வளவு டாலர் என்று விற்கவும் இல்லை.

அந்த மனிதரின் கண் எப்படிப்பட்டது என்பதை இடத்திலேயே பார்ப்பீர்கள். பெயர்ப்பலகைகள் மரத்தில் செதுக்கியவை. குடில்களும் முகாம் கூரைகளும் மரமும் ஓடுமாக, சுற்றிலும் இருக்கும் மலையை மறைக்காமல் தாழக் குனிந்து நிற்கும். தெற்கு வாசலில் உள்ள எல் அமரியோ கிராமத்தில் வீட்டு முகப்பு, வேலி, தோட்டம் வரை திருத்த ஊராருக்கு அவர் திட்டம் கைகொடுத்தது. கொஞ்சம் மிகை என்று தோன்றலாம். எனக்கும் தோன்றியது. ஆனால் கான்கிரீட் வளைவும் டைல்ஸ் ஒட்டிய யானைச் சிலையும் இல்லாத ஒரு பூங்கா வாசலைப் பார்த்ததில் கிடைத்த நிம்மதி பெரிது.

எப்படிப் போவது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் உங்கள் திட்டத்தில் புமலினை ஒரே நாளில் ‘பார்த்துவிட்டுத் திரும்ப’ என்று போட்டிருந்தது. அது நடக்காது. புவெர்த்தோ மோந்த்திலிருந்து தெற்கே இறங்கும் கர்ரெத்தேரா ஆஸ்திரால் சாலை ஒர்னோபிரேனில் நின்றுவிடும். அதற்கு மேல் கடற்கழிகள். வண்டியைப் படகில் ஏற்றி லெப்தெப்பு வரை மூன்றரை, நான்கு மணி நேரம். அங்கிருந்து சுமார் 10 கிலோமீட்டர் சாலை, மறுபடி ஒரு சின்னப் படகு, அப்புறம்தான் பூங்காவின் வடக்கு வாசலான காலேத்தா கொன்சாலோ. ஜனவரி, பிப்ரவரியில் சிலிக்காரர்களே விடுமுறைக்குக் கிளம்புவதால் படகில் வண்டிக்கு இடம் சீக்கிரம் நிறைந்துவிடும். சிலோயே தீவிலிருந்து சாய்த்தெனுக்கு வேறு படகும் உண்டு. உங்கள் திட்டத்தில் சிலோயே இருப்பதால் ஒரு வழியில் போய் மறுவழியில் திரும்பினால் வட்டமாக அமைந்துவிடும், வந்த வழியே திரும்பும் அலுப்பும் இல்லை. குறைந்தது மூன்று இரவாவது ஒதுக்குங்கள். ஜனவரியில் இரவு ஒன்பது தாண்டியும் வெளிச்சம் இருக்கும் என்பதால் மழை விட்ட பிறகு மாலையில்கூட ஒரு நடை போகலாம்.

உடை விஷயத்தில் குடையை நம்பாதீர்கள், முழு மழைக்கோட்டும் மாற்றுக் காலுறையும் வேண்டும். கறுப்பு, கருநீல உடைகளை விட்டுவிடுங்கள். ஜனவரியில் தாபானோ என்ற பெரிய குதிரை ஈக்கள் அடர் நிறங்களைத் தேடி வந்து மொய்க்கும், கடித்தால் சுருக்கென்று இருக்கும். பாம்புக்குப் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது எலிக்கு. நீளவால் எலி ஒன்று ஹாண்டா வைரஸைப் பரப்புகிறது, அரிதான நோய் என்றாலும் உயிரை எடுக்கக்கூடியது. ஆகவே பூட்டிக் கிடந்த குடிலுக்குள் போனால் முதலில் கதவு ஜன்னலைத் திறந்து காற்றாட விடுங்கள். சாப்பாட்டை மூடிய டப்பாவில் வையுங்கள், எச்சில் தட்டை இரவெல்லாம் வெளியே போட்டு வைக்கிற பழக்கம் அங்கே ஆகாது.

சாப்பாடு என்றதும் ஞாபகம் வருகிறது. நம் குழுக்கள் ரைஸ் குக்கரும் பொடி டப்பாவும் இல்லாமல் விமானம் ஏறுவதில்லை. தப்பில்லை, நானும் அந்தக் கட்சிதான். ஆனால் சிலியின் விவசாயச் சோதனை மிகக் கடுமை. கறிவேப்பிலை, பழம், முளைக்கக்கூடிய விதை எதுவும் உள்ளே போகாது. எது இருந்தாலும் படிவத்தில் ‘ஆம்’ என்று குறித்துவிட்டு அதிகாரியிடம் காட்டுங்கள். காட்டினால் அதிகபட்சம் பொருளை எடுத்துக்கொள்வார்கள், மறைத்தால் அபராதம். பூங்காவில் விறகு மூட்டிச் சமைக்கும் ஆசையும் வேண்டாம். 2011 கடைசியில் டோரஸ் டெல் பைனே தேசியப் பூங்காவில் ஒரு பயணியின் கவனக்குறைவால் பிடித்த தீ 17,000 ஹெக்டேருக்கு மேல் தின்றது. அதன் பிறகு இதில் யாரும் விட்டுக்கொடுப்பதில்லை, விட்டுக்கொடுக்கவும் கூடாது. முகாமில் அனுமதித்த இடத்தில் கேஸ் அடுப்பு, அவ்வளவுதான். ஓர் ஆற்றில் இறங்கிய காலணியை நன்றாகக் கழுவிக் காயவைக்காமல் அடுத்த ஆற்றில் இறங்காதீர்கள். டிடிமோ என்ற பாசி 2010-லிருந்து அந்தப் பக்கத்து ஆறுகளைப் பிடித்து ஆட்டுகிறது, பரப்புவது பெரும்பாலும் மீன்பிடிக்கவும் படகு விடவும் வரும் நம்மைப் போன்ற விருந்தாளிகள்தான்.

பெருமழை எச்சரிக்கை வந்தால் அதைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள். 2017 டிசம்பரில் எல் அமரியோவுக்குத் தெற்கே வில்லா சாந்தா லூசியா கிராமத்தின் மேல் மலை சரிந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஒரே நாளில் கொட்டிய மழையின் வேலை. மழையில் நடக்கச் சொல்வது வேறு, வனக்காவலர் பாதையை மூடிய பிறகு கயிற்றைத் தாண்டிப் போவது வேறு. இரண்டாவதைச் செய்து வீடியோ எடுக்கும் ஒருவர் எல்லாக் குழுவிலும் இருப்பார். உங்கள் குழுவில் அவர் யார் என்று உங்களுக்கே தெரியும், பேசி வையுங்கள்.

இன்னொன்று, கூட்டமாகப் போகாதீர்கள். நீங்கள் பதினெட்டு பேர் ஒரே வரிசையாக அந்தப் பாதையில் போனால் சுகாவோவும் கேட்காது, பின்னால் வருபவருக்கு முன்னால் போகிறவரின் முதுகைத் தவிர வேறெதுவும் தெரியாது. ஆறு ஆறு பேராகப் பிரிந்து, அரை மணி இடைவெளி விட்டுப் போங்கள். புளூடூத் ஸ்பீக்கரை ஹோட்டலிலேயே விட்டுவிடுங்கள். இளையராஜா மேல் எனக்கும் பக்திதான், ஆனால் காட்டில் வேண்டாம்.

ஏரிக்கரை ஹோட்டலின் அந்த இரண்டு இரவை ரத்து செய்து, சிலோயேயில் ஒரு நாளைக் குறைத்தால் புமலினுக்கு மூன்று இரவு கிடைத்துவிடும். விமான டிக்கெட் எதையும் மாற்ற வேண்டியதில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இதை மறுபடி வாக்கெடுப்புக்கு விடுங்கள். ஆனால் அதற்கு முன்பே யாராவது ஒருவர் உட்கார்ந்து ஒர்னோபிரேன் படகில் இரண்டு வேன்களுக்கு இடம் இருக்கிறதா என்று பார்த்து வைத்துவிடுங்கள். இடம் இல்லையென்றால் சாய்த்தென் படகுக்குத் தேதி பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய சகபயணி